இருப்பவருக்கு ஓர் இரங்கற்பா

ஐப்பசி பாதி கடந்துவிட்டால் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் நிலம் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். ஆடியில் நுரைத்து வந்த புதுப்புனலின் ஆரவாரம் அடங்கி, ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு, பழுத்த இலையின் நிறத்தில், ஓசையின்றி நகரும். வானம் இறங்கி வந்து மலைக்கோட்டையின் உச்சியை விழுங்கியிருக்கும். மணியோசை மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வரும். அரங்கத்து மதில்களில் பாசி ஏறும். வாழைத்தோப்புகளில் நீர் சொட்டும் ஓசை, யாரோ பின்னால் நடந்து வருவதுபோல் கேட்கும். மேலப்புதூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் வீடுகளில் அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் திருநாளுக்கு அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு ஒரே மழையில் கரைந்து, கல்லறைகளின் காலடியில் பால்போல் தேங்கி நிற்கும். அந்த மாதத்தில் பெரியவர்கள் பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். எதற்கென்று கேட்டால் கொசு என்பார்கள்.

அப்படியொரு மாதத்தில், ஐம்பத்தெட்டாம் வருஷம், பண்டிதர் ஸ்தனிஸ்லாஸ் உயிரோடு இருந்த ஒருவருக்கு இரங்கற்பா பாடிவிட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் மிஷன் பள்ளியொன்றின் தமிழாசிரியர், ஐம்பத்திரண்டு வயது. அந்நாளில் மலைக்கோட்டைச் செந்தமிழ் அவை என்று ஒன்று, பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடும். வெளியூர் எழுத்தாளர் வந்தால் வரவேற்பு; உள்ளூர்ப் புலவர் நூல் எழுதினால் வெளியீடு; எவரேனும் மறைந்தால் இரங்கற் கூட்டம். மூன்றுக்கும் பெஞ்சுகள் அவையே, ஒலிபெருக்கியும் அதுவே. ரோஜா மாலை மட்டும் ஆளைப் பொறுத்துக் கழுத்துக்கோ படத்துக்கோ போகும். இரங்கற் கூட்டம் என்றால் ஸ்தனிஸ்லாஸ் பாடியாக வேண்டும். அவர் வெண்பாவில் அழாத கண் இல்லை என்பது கடைவீதிப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை நடக்கவிருந்தது இரங்கற் கூட்டமன்று, வெளியீட்டு விழா. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதி சௌம்யநாராயணாச்சாரியார் சரணாகதியைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக எழுதிய உரைநூல் வெளிவருவதாக இருந்தது. இருபது வருஷம் அவையின் முன்வரிசையில் அமர்ந்து, எந்தக் கவியையும் பாதியில் கைகாட்டி நிறுத்தித் தடை எழுப்புகிறவர் அவர். அவர் கை உயர்ந்தால் ஸ்தனிஸ்லாஸுக்கு இன்றும் நாக்கு உலரும். இரண்டு மாதமாக அவர் படுக்கையில். ஆகவே விழா அவர் இல்லாமலே நடக்க, முதல் பிரதியை மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு.

அவைச் செயலாளர் தைரியராஜ் பொன்மலை ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். விழாவுக்கு முன் ஆச்சாரியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமென்று மத்தியானம் பஸ் ஏறிப் போனவர், வாசலில் பச்சை மூங்கில் பிளப்பதையும் தீச்சட்டி புகைவதையும் கண்டார். சரிகை வேட்டியோடு சாவு வீட்டுக்குள் நுழையத் தயங்கி, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். மாடியில் சபை நிரம்பியிருந்தது. மாலை படத்துக்குப் போயிற்று. ஸ்தனிஸ்லாஸ் எழுந்து பத்து வெண்பா பாடினார். பெரிய கடைவீதி வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து அவர் வீடு திரும்பியபோது, ஒலிபெருக்கிக்கார முகம்மது கனி நனைந்த குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பண்டிட் ஐயா, முதல்ல உக்காருங்க. அப்புறந்தான் சொல்வேன்."

"என்ன கனி, மைக் ரிப்பேரா?"

"மைக்கு நல்லாத்தான் இருக்கு. அதுதான் இப்பக் கோளாறு. நாலு தெருவுக்குக் கேட்டுருச்சு." கனி குரலைத் தாழ்த்தினார். "மவுத்தாப்போனவரு இன்னிக்குக் காலைல காபி கேட்டு வாங்கிக் குடிச்சாராம். சர்க்கரை பத்தலைன்னு சத்தம் வேறயாம்."

ஸ்தனிஸ்லாஸுக்கு முதலில் விளங்கவில்லை. சமையலறையில் மருந்துக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருந்த மனைவி லூர்துராணியின் உலக்கை நின்றது.

"செத்தது அவரு அண்ணனாம், ஐயா. தம்பியப் பாக்கக் கும்பகோணத்துலேருந்து வந்தவரு. வந்த இடத்துல தூங்கினவரு எந்திரிக்கல. உள்ள போய் யாருன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அந்த மனுசன்? அவருக்குத் தைரியராஜ்னு பேரு வச்சவங்களத்தான் கூப்பிட்டு விசாரிக்கணும்."

"அவருக்கு... ஆச்சாரியாருக்குத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. ஸ்ரீரங்கத்துல ஆத்துத்துறையில துவைக்கிறவங்களுக்கே தெரியும். நீங்க பாடினதுல பாதி அவங்களுக்குப் பாடம்." கனி போகும்போது திரும்பிப் பார்த்தார். "மனசுல வச்சுக்காதீங்க. அல்லா நாடின நாள்தான் நாள். பாட்டுக்கா உசிரு போகும்?"

போகும் என்றே ஸ்தனிஸ்லாஸ் படித்திருந்தார். புலவன் வாய்ச்சொல் பொய்க்காது. நெஞ்சு ஒன்றிப் பாடிய கவி தனக்குரியதைக் கொள்ளாமல் அடங்காது. கொள்ள முடியாமற் போனால் பாடியவன் வாசலுக்கே திரும்பி வரும். பழைய ஏட்டுக் கதைகளில் இதைப் படித்துப் பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அவையில் எவருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அந்தப் பத்து வெண்பாவும் சனிக்கிழமை பிறந்தவையல்ல. ஆச்சாரியார் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட புரட்டாசியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். மூன்று வாரம், விளக்கின் கீழ், சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதினார். வாழ்நாளில் அவர் எழுதியவற்றில் அவையே தலைசிறந்தவை. எழுதும்போது அவர் நெஞ்சில் துக்கம் இல்லை. கை உயர்த்தித் தடுக்க ஆளில்லாத ஒரு சபையை நினைத்து நிம்மதி இருந்தது.

மகள் சகாயம்மாள் பிரசவத்துக்கு வந்து உள்ளறையில் படுத்திருந்தாள். நிறைமாதம். தலைச்சன்.

திங்களன்று அவர் கோயிலுக்குப் போய், முன்கூட்டியே எழுதிவைத்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். குருவானவர் மரத்தட்டிக்கு அப்பால் இருமிக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று தோன்றியது. பாட்டால் ஒருவரும் சாவதில்லை, அப்படி நம்புவதுதான் பாவம் என்று சொல்லி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் விதித்தார். அபராதத்தைத் தீர்த்துவிட்டு வெளியே வந்தால் பயம் அவருக்கு முன்னே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றது.

செவ்வாயன்று கார்டு வந்தது. நடுங்கும் எழுத்து, நான்கே வரி. 'சனியன்று நீர் அருளிய வெண்பா பத்தும் நான் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. வியாழன் மாலை வந்து பாடும். திருத்தாமல் கொண்டுவாரும்.'

லூர்துராணி கார்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். "கோவமா, கேலியா?"

"தெரியல லூர்து."

"போகாதீங்க. காய்ச்சக்காரரு முன்னால ஒப்பாரிப் பாட்ட மறுபடி பாடி, அவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? ஊரு என்ன சொல்லும்? ஸ்தனிஸ்லாஸு வீடேறிப் போய்ப் பாடிக் கொன்னாருன்னு சொல்லாது?"

"போகலைன்னா?"

அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

புதனிரவு அவர் ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெண்பாக்களை மாற்ற முயன்றார். போனான் என்ற இடங்களில் வாழ்க என்று வைத்துப் பார்த்தார். எதுகை இடறியது. நன்றாகக் கட்டிய சுவர். ஒரு கல்லும் பெயரவில்லை. திருத்தாமல் கொண்டுவாரும் என்று அந்த மனிதர் எழுதியது நினைவுக்கு வர, பேனாவை மூடினார்.

வியாழன் காலையிலிருந்தே சகாயம்மாளுக்கு இடுப்பு வலித்தது. மருத்துவச்சி பொன்னுத்தாய் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இது சூட்டு வலி, சார். சீரகத் தண்ணி குடுங்க. பிள்ளை இன்னும் தலை திரும்பல. ரெண்டு நாள் போகட்டும் பாப்போம்." சொல்லிவிட்டு, லூர்துராணியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு இன்னும் ஏதோ சொன்னாள். திரும்பி வந்த லூர்துராணியின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொல்றா?"

"தலை திரும்பலைன்னா பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போகணுமாம்." அவள் அவர் மேல்துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. நான் வேணாம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். பாடச் சொன்னா பாடுங்க, திட்டினா வாங்கிக்கங்க. ஆனா அவரு வாயால ஒரு நல்ல வார்த்தை வாங்காம இந்த வாசப்படி மிதிக்காதீங்க. நீங்க வெளில விட்ட சொல்லுக்கு அவரு சொல்லுதான் மருந்து."

உள்ளேயிருந்து சகாயம்மாள், "அப்பா, குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபின் அவரால் அதற்கு மேல் தயங்க முடியவில்லை.

சத்திரம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தான். "ஸ்ரீரங்கமா சார்?" என்றான். பிறகு, மிகப் பணிவாக, "யாருக்கு?" என்று கேட்டான். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

பாலத்தின் மேல் பஸ் மெதுவாக ஊர்ந்தது. கீழே காவேரி ஒரு வாழைமரத்தை வேரோடு சுமந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஆச்சாரியார் வீடு துக்க வீடு. அண்ணன் காரியத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பத்து நாள் தீட்டு. அந்த வீட்டில் வருகிறவரை வாருங்கள் என்று சொல்லமாட்டார்கள். போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. யார் விழுந்து வணங்கினாலும் ஆசி கூறமாட்டார்கள். உலகத்தில் எந்த வீட்டில் நல்ல வார்த்தை கிடைக்காதோ, அந்த வீட்டுக்கு அவர் நல்ல வார்த்தை வாங்கப் போய்க்கொண்டிருக்கிறார். சட்டைப் பைக்குள் வெண்பா எழுதிய தாளும் ஜெபமாலையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கிடந்தன.

முடிவுறாத ராயர் கோபுரம் மழையில் கறுத்து நின்றது. வீதி வளைவுகளைக் கடந்து வடக்கு உத்தர வீதிக்கு வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தார். கதவைத் திறந்த மருமகள் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆச்சாரியார் கூடத்து ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜன்னலுக்கு நேரே வீதி. வீதிக்கு அப்பால் கோயில் மதில். முன்வரிசையில் தூண்போல் அமர்ந்திருந்த உடம்பு, போர்வைக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"உட்காரும் ஓய். துக்கம் கேக்க வந்தீரா, பாட வந்தீரா?"

"ரெண்டுக்குந்தாங்க, சுவாமி."

"அப்போ முதல்ல பாடும். அண்ணாவுக்குத் துக்கம் அப்புறம் கேக்கலாம். அவர் இனிமே அவசரப்பட மாட்டார்."

"சுவாமி, மன்னிக்கணும். தைரியராஜ் வந்து சொன்னாரு. சபை கூடியிருந்துச்சு. தெரியாம..."

"தெரியாம ரெண்டு வெண்பா வரும். பத்து வராது." ஆச்சாரியார் கையைச் சற்றே உயர்த்தினார். இருபது வருஷமாக ஸ்தனிஸ்லாஸ் அஞ்சிய அதே கை, இப்போது நடுங்கியது. "உம்ம கவியை எத்தனை வருஷமாக் கேக்கறேன். ஒரு சாயங்காலத்துல பத்து வெண்பா கட்டறவர் இல்லே நீர். ஒரு சீருக்கு ஒரு வாரம் எடுத்துக்கற ஆசாமி. எப்போ எழுதினீர்?"

ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தார். மரத்தட்டிக்கு அப்பாலிருந்த குருவானவரிடம் இதைச் சொல்வது இத்தனை கடினமாக இருக்கவில்லை.

"புரட்டாசியிலங்க. பத்தாந்தேதி ஆரம்பிச்சேன்."

"பத்தாந்தேதி எனக்கு ஜுரம் நூத்திநாலு." ஆச்சாரியார் கூரையைப் பார்த்துக் கணக்கிட்டார். "டாக்டர் கைவிட்டுட்டுப் போனார். உம்ம பேனா என் டாக்டரைவிடச் சுறுசுறுப்புன்னு சொல்லும். சரி, பாடும். ஒண்ணும் விடக் கூடாது."

ஸ்தனிஸ்லாஸ் பாடினார். ஒலிபெருக்கியில் நாலு தெரு நிறைத்த குரல், அந்தக் கூடத்தில் தண்ணீர் குடிக்கிற பூனையின் ஓசையளவே எழுந்தது. ஒவ்வொரு வெண்பா முடிவிலும் போர்வையைப் பார்த்தார். அது ஏறி இறங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்கினார். மூன்றாவதில் ஆச்சாரியார் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவதில் அவர் மூச்சு ஒரு கணம் தடைப்பட்டது. ஸ்தனிஸ்லாஸ் பாதி அடியில் நிறுத்தி, அது திரும்பியபின் தொடர்ந்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தமும் ஓய்ந்துவிட்டது, மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏழாவது வந்தது. அவர் மிகவும் நேசித்த வெண்பா. அதன் முடிவை எட்டினார்:

"அஞ்சாது சென்றான் அரங்கன் அடிநிழற்கீழ்
எஞ்சாச்சொல் எங்கட்கே ஈந்து."

"நிறுத்தும்."

கை உயர்ந்திருந்தது. ஸ்தனிஸ்லாஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

"இது பொய்," என்றார் ஆச்சாரியார்.

மழை ஓட்டின் மேல் ஒரு முறை வலுத்து அடங்கியது.

"உம்மை ஏன் வரச்சொன்னேன்னு நெனச்சீர்? சண்டை போடவா? அன்னிக்கு அண்ணாவை அதோ, அந்த வாசல்ல கிடத்தியிருந்தா. நான் இங்கேந்து பார்த்துண்டிருந்தேன். மூங்கில் பிளக்கற சத்தம் இருக்கே, ஓய், அது காதுல விழாது. வயத்துல விழறது. இது எனக்கு, இது எனக்குன்னு தோணித்து. வேர்த்துக் கொட்டித்து. சரணாகதி பண்ணினவனுக்குப் பயமே கிடையாதுன்னு நாப்பது வருஷம் எழுதினவன் நான். அந்தப் புஸ்தகம் உங்க மாடியில அடுக்கியிருந்த அதே சாயங்காலம், நான் போர்வையைக் கடிச்சுண்டு கிடந்தேன்." அவர் மூச்சு வாங்கினார். "இந்த ஆத்துல யார்கிட்டச் சொல்வேன்? பெருமாள் இருக்கார்ங்கறா. இருக்கார். யார் இல்லேன்னா? பயமும் கூடவே இருக்கே."

ஸ்தனிஸ்லாஸ் மெல்ல உட்கார்ந்தார்.

"நீர் என்னை அனுப்பிவச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். சரி, போனவன் எப்படிப் போனான்னு இவருக்காவது தெரிஞ்சிருக்கும், கேட்டு வச்சுக்கலாம்னு பார்த்தேன். நீர் என்னடான்னா நான் எழுதின புஸ்தகத்தையே திருப்பி எனக்கு வாசிக்கறீர்." அவர் சிரிக்க முயன்றார், இருமலாயிற்று. "மாத்தும். நான் போனப்புறம் இதைத்தானே ஊர் பாடப்போறது? பொய்யோட என்னை அனுப்பாதேயும்."

புதனிரவு முழுதும் பெயராத கல் அப்போது தானாகப் பெயர்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிற்று:

"அஞ்சியும் சென்றான் அரங்கன் அடிநிழற்கீழ்..."

ஆச்சாரியார் அதைத் தமக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். போர்வை மேல் விரலால் சீர் எண்ணினார். பிறகு இன்னொரு முறை, வாய்விட்டு. "அஞ்சியும் சென்றான். ஆமாம். இது நடக்கும். இப்படியானா நான் போகலாம்." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "இருபது வருஷத்துல நீர் சொன்ன ஒரே நல்ல சீர் இதுதான், ஓய்."

"மிச்சம் மூணையும் பாடட்டுங்களா?"

"வேண்டாம். அதை மடிச்சுப் பையில வச்சுக்கும். அவசரம் இல்லே. நாள் வரும்போது பாடும். அப்போ நான் கைதூக்க மாட்டேன்."

ஸ்தனிஸ்லாஸ் தாளை மடித்தார். அப்போதுதான், வேறு யாரோ பேசுவதுபோல், தம் வீட்டைப் பற்றி அவர் வாய் சொல்லத் தொடங்கியது. மகள், தலைச்சன் பிள்ளை, தலை திரும்பாதது, சொல் திரும்பி வரும் என்ற பயம், லூர்துராணி சொல்லியனுப்பியது. "துக்க வீட்டுல கேக்கக் கூடாதுன்னு தெரியுங்க. கேக்காமப் போகவும் எனக்குக் கால் வரல."

ஆச்சாரியார் பதில் சொல்லுமுன் மதிலுக்கு அப்பாலிருந்து மாலைப் பூசையின் மணி எழுந்தது. மழைக்குள் அது நெடுந்தூரம் நடந்து வருவதுபோல் வந்தது. தினமும் அந்த மணிக்குச் சந்நிதியில் நின்றவர். இப்போது நோயும் தீட்டும் கட்டிலில் கட்டிப்போட்டிருந்தன. அவர் கைகளைக் கூப்ப முயன்றார். அவை மார்பு வரை எழுந்து, நடுங்கிச் சரிந்தன. மறுபடி முயன்றார். ஸ்தனிஸ்லாஸ் எழுந்து கட்டிலருகே மண்டியிட்டு, அந்த முழங்கைகள் இரண்டையும் தம் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டார். கூப்பிய கை கோயிலின் திசையில் உயர்ந்து நின்றது. மணி ஓயும்வரை இருவரும் அசையவில்லை. ஒருவர் உதடு அரங்கன் பெயரையும் மற்றவர் உதடு மாதாவின் பெயரையும் ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தன.

மணி நின்றது. ஆச்சாரியார் கையைப் பிரித்துக்கொள்ளவில்லை.

"தீட்டுக்காரன் ஆசீர்வாதம் பண்ணக் கூடாது. சாஸ்திரம்," என்றார். ஸ்தனிஸ்லாஸின் தலை கவிழ்ந்தது. அந்தத் தலையின் மேல், ஈர மயிரில், எலும்பும் தோலுமான ஒரு கை வந்து அமர்ந்தது.

"ஆனா சனிக்கிழமையே நான் போயாச்சே, ஓய். நீரே பாடியாச்சு, கடைவீதியே சாட்சி. செத்தவனுக்கு ஏது தீட்டு?" அந்தக் குரலில் பழைய முன்வரிசையின் குறும்பு ஒரு கணம் மின்னி, உடனே கனிந்தது. "உம்ம பொண்ணு சுகமாப் பெத்துப் பிழைக்கட்டும். குழந்தைக்குப் பயம் வரும்போதெல்லாம் கையைத் தாங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும். நீர் நூறாண்டு இரும்."